வீழ்நிலையும் மனந்திரும்புதலும்: ஒரு வரையறை ஆய்வு

1. பொருளும் எல்லையும்

கிறிஸ்தவ இறையியல் நூல்கள் வீழ்ச்சியை மனிதரைப் பற்றிய பகுதியிலும், மனந்திரும்புதலை மீட்பைப் பற்றிய பகுதியிலும் வைத்துப் பேசுவது வழக்கம். நாம் இரண்டையும் ஒருங்கே எடுத்துக்கொள்கிறோம். நோயை எப்படிக் கொள்கிறோமோ அப்படியே மருந்தும் அமையும். வீழ்ச்சியை வரையறுப்பதில் நேர்ந்த பிழை ஒவ்வொன்றும் மனந்திரும்புதலின் வரையறையிலும் ஒரு பிழையாகத் தலைகாட்டியிருக்கிறது என்பதே நம் துணிபு.

கடவுளோடு இருந்த நேரிய உறவை இழந்து, அந்த இழப்போடே மனிதர் பிறக்கும் நிலையை ‘வீழ்நிலை’ என்கிறோம். அந்நிலையிலிருந்து அறிவும் விருப்பமும் செயலும் கடவுளை நோக்கித் திரும்புவது மனந்திரும்புதல்.

தமிழில் இதைப் பேசப் புகுவோர்க்கு முதலில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய கத்தோலிக்க ஞானோபதேசம் பாவத்தைச் சென்மப் பாவம், கர்மப் பாவம் என இரண்டாக வகுத்தது. தமிழ்ச் செவிக்கு இவ்விரு சொற்களும் முற்பிறவி வினையையே நினைவூட்டும். ஆனால் சென்மப் பாவம் என்றது முற்பிறவியில் தான் செய்த ஒன்றையன்று. தான் செய்யாமலே பிறப்போடு வந்ததை. கர்மப் பாவம் என்றது இப்பிறவியில் அறிந்து, மனம் ஒப்பிச் செய்வதை. வினைக் கொள்கையில் ஒருவர் அறுப்பது அவரே விதைத்ததை. இங்கோ விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் அனைவரும். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தாமல் மேலே சென்றால் ஒவ்வொரு படியிலும் கால் இடறும்.

2. பாவம் என்னும் சொல்லின் உட்பிரிவு

எபிரேய மறைநூல் பாவத்துக்குப் பல சொற்களைக் கையாள்கிறது. அவற்றுள் மூன்று முதன்மையானவை: இலக்குத் தவறுதலைக் குறிக்கும் ஹட்டாத், கோணலைக் குறிக்கும் ஆவோன், அரசனுக்கு எதிரான கிளர்ச்சியைக் குறிக்கும் பெஷா. 51ஆம் சங்கீதத்தின் தொடக்கத்திலேயே மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவற்றைப் பாவம், அக்கிரமம், மீறுதல் எனப் பிரித்தே காட்டுகிறது. தவறுதலும் மீறுதலும் செயல்கள். கோணல் ஒரு நிலை. வீழ்ச்சியைப் பற்றிய வாதம் முழுவதும் இந்த நடுச்சொல்லைச் சுற்றியே நிகழ்ந்தது.

3. வீழ்நிலையின் தன்மை

ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரம் ஒரு மீறுதலைச் சொல்கிறது. அதற்கு ‘ஆதிப் பாவம்’ என்ற பெயரை மறைநூல் தரவில்லை. அத்தொடரை இறையியல் கலைச்சொல்லாக்கியவர், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஹிப்போ நகரின் ஆயராயிருந்த அகுஸ்தீன் (354–430).

அவருக்கு எதிர் நின்றவர் பிரித்தானியாவிலிருந்து உரோமைக்கு வந்த துறவி பெலாஜியுஸ். ஆதாமின் பாவம் அவனோடு நின்றது. பிறர் பாவிகளானது அவனைப் பார்த்துச் செய்ததால் என்பது பெலாஜியக் கொள்கை. பெலாஜியுஸைத் தீயவராகக் காட்டும் வழக்கம் பாடநூல்களில் உண்டு, அது நியாயமன்று. சோம்பலுக்குச் சாக்குத் தேடிய உரோமைக் கிறிஸ்தவர்களைக் கண்டு மனம் வெதும்பிய ஒழுக்கசீலர் அவர். ஆயினும் அவர் வழியில் கோணல் என்பது பழக்கமாகவே சுருங்கும். பழக்கத்தை மாற்ற மனவுறுதி போதும். ஆகவே மனந்திரும்புதலும் ஒரு தீர்மானம் அளவில் நின்றுவிடும். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் இக்கொள்கையைக் கண்டித்தனர்.

அகுஸ்தீனின் விளக்கத்தில் இரண்டு கூறுகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று குற்றப்பழி, மற்றது சீர்கேடு. திருமுழுக்கில் பழி நீங்கும். சீர்கேட்டின் எச்சமான துர்இச்சை தங்கும் என்றார். பழி அனைவர்க்கும் உரியது என்பதற்கு அவர் கொண்ட சான்று உரோமர் 5:12. அவர் கையிலிருந்த இலத்தீன் பாடத்தில் ‘அவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்’ என்று பொருள்படும் தொடர் இருந்தது. கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் நிற்பது ‘ஆகையால்’, ‘ஏனெனில்’ என்ற போக்கில் கொள்ளத்தக்க ஓர் இணைப்புச்சொல். ஓர் இடைச்சொல்லால் கிழக்கு, மேற்கு ஆகிய இரு திருச்சபைகளின் வழிகள் விலகின என்றால் அது மிகை; ஆனால் விலகலுக்கு அதுவும் ஒரு காரணம்.

கிரேக்கம் படித்த கிழக்கு, ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவும் நலிவுமே, பழியன்று என்று கொண்டது. இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்கவில்லை. 692இல் கொன்ஸ்தாந்தினோப்பிளில் கூடிய துருல்லோ சங்கத்தின் 102ஆம் விதி, பாவத்தை நோயென்றும், பாவமன்னிப்பு வழங்குபவர் நோயாளியின் நிலையறிந்து மருந்திட வேண்டும் என்றும் சொல்கிறது. 1551இல் மேற்கின் திரிதெந்து சங்கம் அதே பணியைத் தீர்ப்பு வழங்கும் நீதிபதியின் செயலுக்கு ஒப்பிட்டது. மருத்துவ உருவகம் மேற்கிலும் வழங்கியதே. ஆயினும் அழுத்தம் விழுந்த இடம் வேறு. சாவையும் நலிவையும் முன்வைத்த இடத்தில் மனந்திரும்புதல் சிகிச்சையாயிற்று. பழியை முன்வைத்த இடத்தில் அது வழக்காயிற்று.

எதிர் முனையிலும் ஒரு பிழை நேர்ந்தது. லூத்தரின் வழிவந்த மத்தியாஸ் பிளாசியுஸ், 1560இல் வைமார் நகரில் நடந்த விவாதத்தில், வீழ்ந்த மனிதரின் உட்பொருளே ஆதிப் பாவம் என்றார். பக்தி மிகுந்த பேச்சுத்தான், விளைவோ விபரீதம். பாவம் உட்பொருளானால் அதைப் படைத்தவர் யார்? கடவுள் என்றால் தெய்வ நிந்தனை. சாத்தான் என்றால் அவனும் படைப்பாளி ஆவான். மேலும், அப்போது மனந்திரும்புதல் என்பது ஒருவரைத் திருப்புவதாகாது. அவரை அழித்து வேறொருவரை உண்டாக்குவதாகும். 1577இல் லூத்தரன் சபையாரே தங்கள் இணக்க அறிக்கையின் முதற்பிரிவில் இதை மறுத்து, இயல்பு வேறு, இயல்பில் புகுந்த கேடு வேறு என்று வரையறுத்தனர். கேடு ஒரு பொருளன்று, நன்மையின் இன்மை என்ற அகுஸ்தீனின் பழைய கருத்து இங்கே துணைநின்றது. கண் குருடானாலும் அது கண்ணே. குருடு இன்னோர் உறுப்பாகிவிடாது.

4. மனந்திரும்புதல்: சொல்வழி ஆய்வு

எபிரேயத்தில் இதற்குரிய வினை ஷூவ். வழிமாறிப் போனவர் திரும்பி வருவதைக் குறிக்கும் எளிய நடைச்சொல் அது. கிரேக்கப் புதிய ஏற்பாடு கையாளும் மெட்டனோயா, மனத்தின் மாற்றத்தைச் சொல்கிறது. முன்னதில் கால் திரும்புகிறது, பின்னதில் மனம். இலத்தீன் வுல்காத்தா இவ்விடங்களில் ‘தவம் செய்யுங்கள்’ என்றும் கொள்ளத்தக்க தொடரை வைத்தது. நாளடைவில் அது குருவானவர் விதிக்கும் பரிகாரச் செயல்களையே நினைவூட்டலாயிற்று. இராஸ்முஸ் 1519இல் தம் இலத்தீன் பெயர்ப்பின் இரண்டாம் பதிப்பில் ‘தெளிவடையுங்கள்’ என்னும் பொருளுடைய சொல்லை அங்கே கொண்டுவந்தார். அதற்கு இரண்டாண்டு முன்பே லூத்தர், விசுவாசியின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதைத் தம் 95 கூற்றுகளில் முதலாவதாக நிறுத்தியிருந்தார்.

தமிழ்ச் சொற்களையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களிடையே உழைத்த அண்டிரிக் அடிகளாரின் பாவசங்கீர்த்தன நூல் 1580இல் கொச்சியில் அச்சேறியது. தமிழ் அச்சின் தொடக்க நூல்களுள் அதுவும் ஒன்று. கத்தோலிக்க வழக்கில் நிலைத்த ‘மனஸ்தாபம்’ உள்ளத்தின் வெதும்பலைச் சொல்கிறது. இன்று அச்சொல் இரு வீட்டாரிடையே வரும் பிணக்குக்குப் போய்விட்டது வேறு கதை. புரட்டஸ்தாந்து வழக்கின் ‘மனந்திரும்புதல்’ கிரேக்கத்தின் மனத்தையும் எபிரேயத்தின் திரும்புதலையும் ஒரே தொகையில் அடக்கியிருக்கிறது. இத்துணைப் பொருத்தமான ஆக்கம் இலத்தீனுக்கு வாய்க்கவில்லை.

5. படிகள்

திரிதெந்து சங்கம் மூன்று படிகளை வகுத்தது: துயரம், அறிக்கை, பரிகாரம். 1530இன் அவுக்ஸ்புர்க் அறிக்கை இரண்டைச் சொன்னது: பாவத்தை உணர்ந்து மனசாட்சி நடுங்குதல், மன்னிப்பை நம்புதல். கணக்கு வேறுபட்டாலும் துயரமே வாயில் என்பதில் இரண்டும் ஒன்று.

ஆனால் எல்லாத் துயரமும் வாயிலாகாது. கடவுளுக்கேற்ற துயரம், உலகத் துயரம் எனப் பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் மடலில் (7:10) பிரிக்கிறார். யூதாஸைப் பற்றிய இடத்தில் மத்தேயு (27:3) மெட்டனோயாவின் வினையைக் கையாளவில்லை. பின்வருத்தத்தைக் குறிக்கும் வேறொரு வினையையே வைக்கிறார். யூதாஸிடம் துயரம் இருந்தது, பாவம் செய்தேன் என்ற அறிக்கை இருந்தது, முப்பது வெள்ளிக்காசைத் திருப்பித் தந்த ஈடும் இருந்தது. மூன்று படியும் ஏறியவர் போய்ச் சேர்ந்த இடம் கடவுளன்று. இயேசுவை மறுதலித்த பேதுருவோ மனங்கசந்து அழுதார் என்பதற்கு மேல் அவ்விடத்தில் ஒன்றும் சொல்லப்படவில்லை. எனவே படிகளின் எண்ணிக்கையைவிட அவை எத்திசை நோக்கி ஏறுகின்றன என்பதே வரையறைக்கு உயிர். வீழ்நிலையைத் தன்னுள் வளைந்திருத்தல் என்று லூத்தர் உரோமர் விரிவுரையில் விளக்கியதும் இங்கே விளங்கும். தன் குற்றத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் துயரமும் அந்த வளைவின் ஒரு வடிவமே.

6. முந்துவது எது

வளைந்தது தானே நிமிருமா என்னும் வினா எஞ்சுகிறது. 529இல் தென் கால்லியாவின் ஒராஞ்சு நகரில் கூடிய சங்கம், விசுவாசத்தின் தொடக்கமும் அருளின் கொடையே என்றது. அப்படியானால் மனந்திரும்பும்படி மனிதரை நோக்கிக் கட்டளையிடுவதற்குப் பொருள் என்ன என்ற எதிர்வாதம் வலுவானதே.

லூக்கா 15 இதை வாதமாக நடத்தவில்லை, கதைகளாக வைக்கிறது. இளைய மகன் பன்றிகளிடையே புத்தி தெளிந்து, தகப்பனிடம் சொல்ல வேண்டியதைச் சொல் சொல்லாகக் கோத்து, எழுந்து நடக்கிறான். தகப்பன் அவனைத் தூரத்தில் கண்டு எதிரே ஓடுகிறார். கோத்துவைத்த பேச்சின் கடைசிப் பகுதியை, தன்னைக் கூலிக்காரருள் ஒருவனாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை, அவன் சொல்வதற்குள் தகப்பன் பணியாளரிடம் அங்கி கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் தொலைந்த ஆடு ஒன்று வருகிறது. அது நடக்கவில்லை, பேச்சு எதையும் கோக்கவில்லை. மேய்ப்பர் தேடிக் கண்டு தோளில் போட்டுக்கொண்டு வருகிறார். அக்கதையை முடிக்கையில் இயேசு அந்த ஆட்டுக்கு ஒப்பிடுவதும் மனந்திரும்பும் பாவியைத்தான்.