ஏற்பி: பொருளுக்கு முன்னே பிறந்த சொல்

மருத்துவர் எழுதித்தரும் சீட்டின் தலைப்பில், காலில் குறுக்குக்கோடு போட்ட ஆர் எழுத்து ஒன்று இருக்கும். 'ரெசிப்பே' என்ற லத்தீன் ஏவல்வினையின் சுருக்கம் அது. 'எடுத்துக்கொள்' என்று பொருள். சமையல் குறிப்புக்கு நாம் சொல்லும் ரெசிப்பியும் அதே சொல்தான். அந்த வினையின் வயிற்றிலேதான் ரிசெப்டரும் பிறந்தது. தமிழில் அதை ஏற்பி என்கிறோம். சீட்டு நோயாளியைப் பார்த்து 'எடுத்துக்கொள்' என்கிறது. விழுங்கியபின் உள்ளே அந்த மருந்தை எடுத்துக்கொள்வது ஏற்பி. பழைய லத்தீனில் இச்சொல்லுக்குக் கள்வனுக்கு அடைக்கலம் தந்து ஒளித்துவைப்பவன் என்றும் பொருள் உண்டு. அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அறிவியலுக்குள் இச்சொல்லை அழைத்துவந்தவை நஞ்சுகள்.

கேம்பிரிட்ஜில் ஜான் நியூபோர்ட் லாங்லி என்ற இளைஞர் பூனையின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிரேசில் நாட்டுச் செடி ஒன்றிலிருந்து எடுத்த பைலோகார்ப்பின் உமிழ்நீரைப் பெருக்கியது. பெல்லடோனாச் செடியிலும் நம் ஊமத்தையிலும் உள்ள அட்ரோபின் அதை வற்றச் செய்தது. பைலோகார்ப்பினைக் கூட்டினால் உமிழ்நீர் மறுபடி ஊறும். அட்ரோபினைக் கூட்டினால் மறுபடி வற்றும். இரண்டும் ஒரே இடத்துக்காகப் போட்டி போடுகின்றன என்பதை அளவுகளே காட்டின. சுரப்பியில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது, இரண்டு மருந்துகளும் அதனோடுதான் கூடுகின்றன என்று 1878-இல் அவர் எழுதினார். பெயர் வைக்கவில்லை.

பெயர் வைக்க 27 ஆண்டுகள் ஆயின. 1905-இல் அவர் கோழியின் தசையில் நிகோட்டின் செலுத்தினார். தசை விறைத்தது. கியூராரே நஞ்சைக் கொடுத்ததும் விறைப்பு நீங்கியது. நரம்பின் முனையில்தான் இதெல்லாம் நடக்கிறது என்பது அன்றைய நம்பிக்கை. லாங்லி நரம்பை வெட்டி, அதன் முனைகள் அழியும்வரை காத்திருந்து, பிறகு நிகோட்டினைக் கொடுத்தார். தசை முன்போலவே விறைத்தது. அப்படியானால் நஞ்சு பற்றுமிடம் நரம்பில் இல்லை, தசையில் இருக்கிறது. கியூராரே ஏறிய தசையை மின்சாரத்தால் நேரே தொட்டால் அது சுருங்கவும் செய்தது. ஆகவே சுருங்கும் உறுப்பும் அந்த இடமல்ல. நரம்புக்கும் சுருக்கத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருந்தாக வேண்டும். அதை அவர் 'ஏற்கும் பொருள்' என்று அழைத்தார். தானியங்கு நரம்பு மண்டலம் என்ற பெயரை 1898-இல் ஆங்கிலத்தில் வழங்கியவரும் இவரே. பெயரிடுவதில் அவ்வளவு நிதானம் உள்ளவர் வேறொருவரை இத்துறையில் நான் படித்ததில்லை.

ரிசெப்டர் என்ற உருவம் ஜெர்மனியிலிருந்து வந்தது. சாயங்கள் சில திசுக்களை மட்டும் தேடிப் பற்றுவதைப் பார்த்து வளர்ந்த பால் எர்லிக், நச்சுப்பொருள்கள் செல்லின் பக்கச்சங்கிலிகளில் பொருந்துகின்றன என்று சொல்லிவந்தார். 1900-இல் அந்தச் சங்கிலிகளுக்கு ரிசெப்டர் என்று பெயரிட்டார். எமில் ஃபிஷர் 1894-இல் சொன்ன பூட்டும் சாவியும் என்ற உவமை அவருக்குத் துணையாக இருந்தது. ஆனால் சாதாரண மருந்துகளுக்கும் ரிசெப்டர் உண்டு என்பதை எர்லிக் முதலில் ஒப்பவில்லை. அவை திசுவிலிருந்து எளிதாகக் கழுவிப் போய்விடுகின்றனவே, இறுகப் பற்றாத ஒன்றுக்கு ஏற்பி எதற்கு என்பது அவர் தடை. லாங்லியின் சோதனைகளுக்குப் பிறகே, 1907 வாக்கில், அவர் மனம் மாறினார்.

இதே காலத்தில் ஏற்பிகளின் குடும்பப் பெயர்கள் பிறக்கத் தொடங்கின. 1914-இல் ஹென்றி டேல், அசிட்டைல்கோலின் இரண்டு விதமாக வேலை செய்வதைக் கண்டார். இதயத்தை மந்தமாக்குவதும் சுரப்பிகளைப் பெருக்குவதும் மஸ்கரினைப் போல இருந்தன. அவற்றை அட்ரோபின் தடுத்தது. நரம்புமுடிச்சுகளிலும் தசைகளிலும் காட்டிய வேலை நிகோட்டினைப் போல இருந்தது. அதை அட்ரோபின் தொடவில்லை. மஸ்கரின் ஒரு காளானிலிருந்து கிடைத்தது. பாலில் அந்தக் காளானை நசுக்கிப்போட்டு ஈக்களைக் கொல்வது ஐரோப்பிய வழக்கம். லத்தீனில் மஸ்கா என்றால் ஈ. நிகோட்டின், லிஸ்பனிலிருந்து பிரெஞ்சு அரசவைக்குப் புகையிலையை அனுப்பிய தூதர் ழான் நிகோவின் பெயர். மனித உடலில் பிறக்காத ஒரு காளான் நஞ்சும் ஒரு தூதரின் பெயரும் நம் ஒவ்வொருவர் உடம்பிலும் உள்ள இரண்டு ஏற்பி இனங்களுக்குப் பெயராயின.

இவை ஏட்டுப்பெயர்கள் அல்ல. வயலில் பூச்சிமருந்து தெளித்த ஒருவர் மயங்கி விழுந்து தஞ்சைப் பக்கத்து மருத்துவமனைக்கோ இலங்கையின் அனுராதபுரத்துக்கோ கொண்டுவரப்படுகிறார். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிட்டது. அசிட்டைல்கோலின் தேங்குகிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது, வியர்வை கொட்டுகிறது, வாயிலும் மூச்சுக்குழாயிலும் நீர் பொங்குகிறது, நாடி தளர்கிறது. இது மஸ்கரின் பாதி. அட்ரோபினை ஊசியில் ஏற்றி, சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் நீர்ச்சத்தம் கேட்காத நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். நெஞ்சு தெளிந்தபின்னும் அவரால் கழுத்தைத் தூக்க முடியாமல் போகலாம், மூச்சுத்தசைகள் ஓய்ந்துபோகலாம். அது நிகோட்டின் பாதி. அங்கே அட்ரோபினுக்கு வேலையில்லை, வென்டிலேட்டர்தான் வேண்டும். டேல் பிரித்த பிரிவின்படியே இன்றும் அந்தக் கட்டிலருகில் சிகிச்சை நடக்கிறது.

அட்ரினலின் பக்கம் கதை இன்னும் வியப்பானது. ஒரே அட்ரினலின் சில குழாய்களைச் சுருக்குகிறது, சிலவற்றை விரிக்கிறது. இரண்டு வேறு பொருள்கள் சுரக்கின்றன என்றே பெரியவர்கள் விளக்கம் தந்தார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் எளிய காரியம் ஒன்று செய்தார். அட்ரினலினும் அதன் உறவுப்பொருள்களும் ஒவ்வொரு உறுப்பிலும் எவ்வளவு வலுவாக வேலை செய்கின்றன என்று வரிசைப்படுத்தினார். இரண்டே வரிசைகள் கிடைத்தன. அந்த உறவுப்பொருள்களில் ஒன்றான ஐசோபிரனலின் ஒரு வரிசையில் கடைசி, மற்றொன்றில் அதுவே முதல். சுரக்கும் பொருள் இரண்டு என்று கொள்ளத் தேவையில்லை, ஏற்பிதான் இரண்டு என்று முடிவுகட்டி, அவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று வெறும் எழுத்துகளைப் பெயராக வைத்தார். கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பியது. 1948-இல் வேறோர் இதழில் வெளிவந்து, ஏறத்தாழ பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

அதைக் கையில் எடுத்தவர் ஜேம்ஸ் பிளாக். நெஞ்சுவலிக்காரரின் இதயத்துக்கு ரத்தத்தை அதிகம் அனுப்ப எல்லோரும் வழி தேடியபோது, இதயத்தின் தேவையையே குறைத்தால் என்ன என்று அவர் கேட்டார். பீட்டா ஏற்பியை அடைத்தால் போதும். 1964-இல் புரோப்ரனலால் வந்தது. பீட்டா பிளாக்கர் என்ற சொல் இன்று நம் வீடுகளில் ரத்தஅழுத்த மாத்திரைகளுக்கு நடுவே சாதாரணமாகப் புழங்குகிறது. 1988-இல் பிளாக்குக்கு நோபல் பரிசு. ஆனாலும் அந்த மருந்து வந்தபோது ஏற்பியை யாரும் பார்த்திருக்கவில்லை. தன் ஏற்பிகள் திசுக்களின் செயலை விளக்க உருவாக்கிய ஒரு கருத்தே என்று 1973-இலும் ஆல்குவிஸ்ட் எழுதினார். சொல்லைப் படைத்தவரே அதன் பொருளுக்கு உடம்பு உண்டு என்று உறுதிசொல்லவில்லை. அச்சொல்லை நம்பிச் செய்த மருந்தோ லட்சக்கணக்கானோரின் இதயத்தில் வேலைசெய்துகொண்டிருந்தது. இவ்வளவு நேர்மையான ஐயமும் இவ்வளவு பயனுள்ள ஊகமும் ஒரே இடத்தில் கூடிய வரலாறு அரிது.

உடம்புள்ள ஏற்பியை முதலில் கைக்குக் கொண்டுவந்தவை ஒரு மீனும் ஒரு பாம்பும். மின்விலாங்கின் மின்னுறுப்பில் நிகோட்டின் ஏற்பி மலிந்து கிடக்கிறது. தைவானில் சாங்கும் லீயும் ஒரு பாம்பின் நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த பங்காரோடாக்சின் அதை விடாமல் பற்றும். அதன் உதவியோடு 1970-இல் பாரிசில் ழான்-பியர் ஷான்ஜோ குழுவினர் ஏற்பியைப் பிரித்தெடுத்தார்கள். அந்தப் பாம்பினத்தின் அறிவியல் பெயர் பங்காரஸ். விசாகப்பட்டினத்தில் பாம்புகளை ஆராய்ந்த பேட்ரிக் ரஸ்ஸல் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதிவுசெய்த தெலுங்குப் பெயரிலிருந்து அது வந்தது. தெலுங்கில் பங்காரம் பொன். நம் கட்டுவிரியனும் அதே இனம்.

பிறகு வேகம் கூடியது. கதிரியக்கக் குறியிட்ட மருந்துகளைக் கொண்டு ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் பீட்டா ஏற்பியைத் துரத்தினார். 1986-இல் அதன் மரபணு படிக்கப்பட்டது. செல்சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் புரதம் அது. கண்ணில் ஒளியை வாங்கும் ரோடாப்சினுக்கு உடன்பிறப்பு. 2007-இல் பிரையன் கோபில்கா குழுவினர் அதன் படிக வடிவத்தைக் கண்டார்கள். 2011-இல் அது செயல்படும் நிலையிலேயே படம்பிடிக்கப்பட்டது. மறுஆண்டு இருவருக்கும் நோபல் பரிசு.

அந்தப் படத்தைப் பார்த்தபின் நம் சொல்லுக்குத் திரும்ப வேண்டும். தமிழ்நாட்டில் ஏற்பி என்கிறோம். இலங்கைப் பாடநூல்கள் வாங்கி என்கின்றன, மைக்கை அங்கே ஒலிவாங்கி என்பதுபோல. ஏல் என்ற வேருக்குப் பெறுதல் மட்டும் பொருளல்ல, பொருந்துதலும் பொருள். 'ஏற்ற வேளை', 'வயதுக்கேற்ற உடை' என்கிறோமே, அந்த ஏற்றல். வாங்கு என்ற சொல்லுக்கும் பெறுதலோடு இன்னொரு பழம்பொருள் உண்டு. சங்கத் தமிழில் அது வளைதல். நாணேற்றி வளைத்த வில் வாங்குவில். 2011-இன் படம் காட்டியது இதைத்தான்: மருந்து பொருந்தியதும் ஏற்பியில் சவ்வை ஊடுருவும் ஏழு சுருள்களில் ஆறாவது 14 ஆங்ஸ்ட்ராம் தூரம் வெளிப்புறமாக வளைகிறது. சென்டிமீட்டரில் பத்துக்கோடியில் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ராம். அந்த வளைவில்தான் செய்தி செல்லுக்குள் போகிறது.

கலைச்சொல் ஆக்கியவர்கள் இதை எண்ணி ஆக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மருந்தியலில் நெடுநாள் குழப்பிய ஒரு வேறுபாட்டை இரண்டு சொற்களும் பங்கிட்டு வைத்திருக்கின்றன. பொருந்துவது வேறு, பொருந்தியபின் வளைப்பது வேறு என்று மருந்தியலாளர் ஸ்டீஃபன்சன் 1956-இல் பிரித்துக் காட்டினார். அட்ரினலின் பொருந்தும், வளைக்கும். புரோப்ரனலால் பொருந்தும், வளைக்காது. இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கும். ஏற்பி, வாங்கி இரண்டில் ஒன்றை நீக்கி ஒருமைப்படுத்த வேண்டும் என்று கலைச்சொல் குழுக்களில் எழும் பேச்சு எனக்கு உடன்பாடல்ல. பொருந்தலை ஏற்றல் என்றும் வளைதலை வாங்கல் என்றும் வகுப்பறையில் சொல்லிக்கொடுத்தால் மாணவர் இரண்டையும் குழப்பமாட்டார்.

அடைக்கும் மருந்துக்கு ஊர் தெரியாது. கண்நீர் அழுத்த நோய்க்காகக் கண்ணில் விடும் டிமோலால் சொட்டு பீட்டா பிளாக்கர்தான். அதில் சிறிதளவு மூக்கின் வழியே ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயின் பீட்டா ஏற்பிகளிலும் போய் அமர்கிறது. ஆஸ்துமாக்காரர் உறிஞ்சும் சால்பியூட்டமால் வளைக்க வேண்டிய அதே ஏற்பிகள் அவை. இழுப்பு உள்ளவர்கள் கண் மருத்துவரிடமும் அதைச் சொல்லிவிட வேண்டும்.