ஒரு ரூபாய் நோட்டும் சாகர் சாம்ராட்டும்



மலர்க் குழுத் தம்பிகள் வீட்டுக்கு வந்து, "அண்ணே, கவிதை நெறைய வந்துருச்சு. நீங்க வரலாறு மாதிரி ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த வரலாறு ஒன்றுதான்: நம் நாடு கடலுக்கு அடியிலிருந்து எண்ணெய் எடுத்த வரலாறு. "குரங்கணிக்காரனுக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். அந்தச் சம்பந்தம் நம் கல்லூரி வகுப்பறையில்தான் தொடங்கியது.

1985ஆம் ஆண்டு என்று நினைவு. என் அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போவார். வாரக் கூலியில் வரும் அழுக்கேறிய ஒரு ரூபாய் நோட்டுகளில் இரண்டு மூன்றுதான் என் போடி பஸ் செலவுக்கு. ஒருநாள் இயற்பியல் ஆசிரியர் ஒரு ரூபாய் நோட்டைத் திருப்பிப் பிடித்து, "இதுல இருக்கிற படம் என்ன?" என்று கேட்டார். ஒருவன் "கரண்ட் டவர் சார்" என்றான். நான் எழுந்து, "டாப் ஸ்டேஷன் ரோப்வே சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. "இது சாகர் சாம்ராட். பம்பாய்க் கடல்ல எண்ணெய் கண்டுபிடிச்ச ரிக். ஆனா நீ சொன்னதும் மோசமில்லை. ரெண்டையுமே யார் செஞ்சாங்கன்னு யோசிச்சுப் பாரு" என்றார். அன்று எனக்கு அது புரியவில்லை.

தரையிலிருந்து கடலுக்கு

சுதந்திரம் வாங்கியபோது நம்மிடம் இருந்தது அசாம் எண்ணெய் மட்டும்தான். இங்கே வியாபாரம் செய்த அந்நிய எண்ணெய்க் கம்பெனிகள் புதிதாகத் தேடுவதில் ஆர்வம் காட்டவில்லை. அமைச்சர் கே.டி. மாளவியா, "நாமே தேடுவோம்" என்று நின்றார். அதற்காக அமைந்ததுதான் 1956ல் ஓ.என்.ஜி.சி. சோவியத், ருமேனிய நிபுணர்கள் துணைக்கு வந்தார்கள். 1958ல் குஜராத்தின் காம்பேயிலும் 1960ல் அங்கலேஸ்வரிலும் எண்ணெய் கிடைத்தது.

அடுத்தது கடல். 1960களில் சோவியத் ஆய்வுக் கப்பல் ஒன்று மேற்குக் கடலில் நில அதிர்வு ஆய்வு செய்தது. கடலுக்குள் ஒலி அலையை அனுப்பி, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்யும் முறை அது. பம்பாய்க்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தூரத்தில் கடலடியில் பெரிய மேடு போன்ற அமைப்பு இருப்பது தெரிய வந்தது. 1970ல் குஜராத் கரையோரம் அலியாபெட்டில் நம்மவர்கள் முதல் கடல் கிணற்றைத் தோண்டினார்கள். ஆனால் நடுக்கடலுக்குப் போக நம்மிடம் ரிக் இல்லை. ஜப்பானின் மிட்சுபிஷியிடம் செய்து வாங்கினோம். 1973ல் வந்த அந்த ரிக்தான் சாகர் சாம்ராட். மிதந்து போய், வேண்டிய இடத்தில் நீண்ட கால்களைக் கடல் தரையில் ஊன்றி, தன் உடம்பைத் தானே தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பம்பாய் ஹை பகுதியில் கடலின் ஆழம் சுமார் 75 மீட்டர்தான் என்பதால் இது தோதாக அமைந்தது.

அந்த வருடம் அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர். சில மாதங்களில் உலக எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கு ஏறியது. நாடு திணறிக்கொண்டிருந்தபோது, 1974 பிப்ரவரியில் சாகர் சாம்ராட் எண்ணெயைக் கண்டது. 1976 மே மாதம் உற்பத்தியே தொடங்கிவிட்டது. கண்டுபிடித்து இரண்டேகால் வருடம்! முதல் தடவை கடலில் இறங்கிய நாட்டுக்கு அது சாதாரண வேகமில்லை. 1980களின் நடுவில் நாட்டின் தேவையில் ஏறத்தாழ 70 சதவீதம் சொந்த எண்ணெய். சாகர் சாம்ராட் ரூபாய் நோட்டிலும் ஏறியது.

எண்ணெயோடு கொஞ்சம் தொழிலும் கற்றோம். பம்பாய் மசகான் டாக்கில் எண்ணெய் மேடைகள் செய்தார்கள். என்ஜினியர்ஸ் இந்தியா நிறுவனம் மேடைகளை வடிவமைக்கப் பழகியது. டேராடூனில் 1962லேயே ஆராய்ச்சி நிலையம் வந்திருந்தது. கடல் பொறியியலுக்கென்று 1983ல் பன்வேலில் ஒன்று வந்தது.

மூடிய கதவு

நான் படிப்பு முடித்து, 1986ல் பம்பாயில் ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் கருவி பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். ஹெலிகாப்டரில் மேடைக்குப் போய் 14 நாள் வேலை, 14 நாள் லீவு. ஒருமுறை ஒரு கம்ப்ரஸரின் கட்டுப்பாட்டுப் பலகை கெட்டுப்போனது. அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். நாங்கள் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்றோம். அவர் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு எங்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான்கு மாதம் கழித்து அதே கோளாறு. மறுபடி அவர் வரும்வரை பதினோரு நாள் அந்த எந்திரம் சும்மா நின்றது.

எனக்குக் கோபம். கூட இருந்த தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர், "அவன் மேல என்ன கோவம், தம்பி? அவன் பொழப்ப அவன் பாக்கான். சாமான் வாங்கும்போதே 'சொல்லிக் குடுக்கணும்'னு நாமதான் எழுதி வாங்கியிருக்கணும்" என்றார். வெளிநாட்டில் அப்படி எழுதி வாங்கினவர்கள் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அதே 1974, இன்னொரு நாடு

நார்வேயில் 1969ல் எண்ணெய் கிடைத்தது. அவர்களும் கடல் எண்ணெய்க்குப் புதியவர்கள்தான். 1972ல் அரசுக் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1979லிருந்து, எண்ணெய் வயல் உரிமம் கேட்டு வரும் அந்நியக் கம்பெனிகள் தங்கள் ஆராய்ச்சியின் ஒரு பங்கை நார்வேயிலேயே செய்யும்படி ஏற்பாடு செய்தார்கள்.

பிரேசில் நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். நாம் பம்பாய் ஹையைக் கண்ட அதே 1974ல்தான் அவர்கள் காம்போஸ் கடலில் எண்ணெய் கண்டார்கள். பிறகு மேலும் ஆழத்தில் பெரிய வயல்கள் தென்பட்டன. அந்த ஆழத்தில் வேலை செய்யும் கருவி உலகத்திலேயே அதிகம் இல்லை. 1986ல் பெட்ரோப்ராஸ் 'ப்ரோகாப்' என்ற திட்டத்தைத் தொடங்கி, 1000 மீட்டர் ஆழத்தை இலக்காக வைத்தது. தங்கள் ஆராய்ச்சி நிலையம், பல்கலைக்கழகம், தொழிற்சாலை மூன்றையும் ஒரே வேலையில் இறக்கினார்கள். அடுத்த கட்டத்தில் இலக்கு 2000 மீட்டர். இன்று ஆழ்கடல் எண்ணெய் என்றால் முதலில் சொல்வது பிரேசிலைத்தான்.

நம் கதை வேறு. 75 மீட்டரில் நன்றாகத் தேறினோம். ஆனால் அடுத்த வகுப்புக்குத் தயாராகவில்லை. கிழக்கே கிருஷ்ணா-கோதாவரிக் கடலில் 2002ல் ஆழத்தில் பெரிய எரிவாயு வயல் கிடைத்தது. 2009ல் உற்பத்தி வந்தது. அங்கே தோண்டிய ஆழ்கடல் ரிக் வாடகை, கடலடி வால்வுகள் இறக்குமதி. அதே பகுதியில் 2024 ஜனவரியில் ஓ.என்.ஜி.சி. தன் ஆழ்கடல் வயலில் முதல் எண்ணெய் எடுத்தது. பெருமைதான். ஆனால் அந்த எண்ணெயைச் சேர்க்கும் மிதக்கும் கப்பலும் வாடகைதான். இதற்கிடையே நாட்டின் தேவை பெருகி, இன்று கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. 2025 ஆகஸ்ட் 15 அன்று ஆழ்கடல் தேடலுக்கு ஒரு தேசியத் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். அதில் எத்தனை கிணறு என்பதோடு, எத்தனை கருவியை நாமே செய்யப்போகிறோம் என்றும் கேட்க வேண்டும்.

ஆசிரியர் கேட்ட கேள்வி

போன வருடம் குரங்கணிக்குப் போயிருந்தேன். டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக்குத் தேயிலைப் பெட்டிகளை இறக்க வெள்ளைக்காரர்கள் போட்ட ரோப்வேயின் மிச்சம் கொட்டகுடிப் பக்கம் இன்னும் கிடக்கிறது. நம் ஜனங்கள் அதில் பெட்டி ஏற்றினார்கள், இறக்கினார்கள். அதுபோல் இன்னொன்றைச் செய்ய யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அவர்களும் கேட்கும் நிலையில் இல்லை. ஆசிரியர் ஏன் சிரிக்கவில்லை என்று அங்கே நின்றபோதுதான் விளங்கியது.

சாகர் சாம்ராட் இன்னும் உழைக்கிறது. தோண்டும் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து, எண்ணெய் எடுக்கும் மேடையாக மாற்றி, 2022 டிசம்பரில் மறுபடி கடலில் இறக்கினார்கள். 2015ல் மீண்டும் வந்த ஒரு ரூபாய் நோட்டிலும் அதன் படம் உண்டு.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. கடலில் காற்றாலை நிறுத்த 2024ல் மத்திய அரசு உதவித் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. அதில் 500 மெகாவாட் நம் தமிழ்நாட்டுக் கடலுக்கு. எண்ணெய் மேடைக்கு வேண்டிய அதே படிப்புதான் இதற்கும் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் கடல் பொறியியல் துறை இருக்கிறது. 1993ல் தொடங்கிய தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. போடியிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம். இந்தத் தடவை கதவைச் சாத்தும்போது நம் பிள்ளைகள் உள்ளே இருக்க வேண்டும்.

வாழ்க நம் கல்லூரி! விழாவில் சந்திப்போம்.