நடையும் இன்சுலினும்

"நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடங்கள்" என்று நீரிழிவு நோயாளியிடம் மருத்துவர் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். நடந்தால் சர்க்கரை எரிந்துவிடும் என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். அது தவறில்லை, ஆனால் போதாது. எரிப்பது மட்டுமே நடையின் வேலை என்றால், நடை நின்றதும் பயனும் நின்றுவிட வேண்டுமல்லவா? அப்படி நின்றுவிடுவதில்லை. இதைப் புரிந்துகொள்ள அறிவியலுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன.

1887-இல் ஷோவோ, காஃப்மன் என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் தீனி மெல்லும் குதிரையை ஆராய்ந்தார்கள். தசைக்குள் செல்லும் இரத்தத்தையும் அதிலிருந்து வெளிவரும் இரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். ஓய்ந்திருக்கும் தசையைவிட உழைக்கும் தசை மிகுதியான சர்க்கரையை எடுத்துக்கொள்வது தெரிந்தது. இன்சுலின் என்ற பொருளை அப்போது யாரும் கண்டதில்லை.

1921-இல் டொரான்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அதனால் உயிர் பிழைத்தவர்களில் ஒருவர் ராபின் லாரன்ஸ் என்ற இளம் மருத்துவர். கடும் நீரிழிவால் இனிப் பிழைக்க வழியில்லை என்று எண்ணி, குடும்பத்தாரின் கண்ணெதிரே சாக விரும்பாமல், இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகருக்குப் போய்விட்டவர் அவர். இன்சுலின் வந்துவிட்டது, உடனே திரும்பி வா என்று 1923-இல் லண்டனிலிருந்து செய்தி வந்தது. நலிந்த உடலுடன் லண்டன் போய்ச் சேர்ந்தார். 1968 வரை வாழ்ந்தார்!

நோயாளியும் மருத்துவருமான இவர் 1926-இல் ஓர் எளிய சோதனையின் முடிவை வெளியிட்டார். ஒரே அளவு இன்சுலினை ஓய்வாக இருக்கும்போதும் உடல் உழைக்கும்போதும் கொடுத்துப் பார்த்ததில், உழைத்தபோது இரத்தச் சர்க்கரை கூடுதலாக இறங்கியது. அதாவது, உழைப்பு இன்சுலினின் வலிமையைக் கூட்டுகிறது. இதில் ஆபத்தும் உண்டு. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர் வழக்கத்திற்கு மேல் நடந்தால் சர்க்கரை அளவு மீறி இறங்கி மயக்கம் வரலாம். அவர் சட்டைப்பையில் சிறிது சர்க்கரை இருப்பது நல்லது.

1936-இல் லண்டனில் ஹிம்ஸ்வொர்த் மற்றொன்றைக் கண்டார். சில நோயாளிகளின் உடல் இன்சுலினுக்கு நன்கு இணங்குகிறது. சிலருடையது இணங்க மறுக்கிறது. இதற்கு வலுவான சான்று தந்தவர் ஓர் இயற்பியலார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. நியூயார்க்கில் ரோசலின் யாலோ, பெர்சன் என்ற மருத்துவருடன் சேர்ந்து, கதிரியக்க அயோடினை இன்சுலினுடன் இணைத்து, இரத்தத்திலுள்ள மிக நுண்ணிய இன்சுலினையும் அளந்தார். நடுவயதில் நீரிழிவு கண்ட பலருக்கு இன்சுலின் குறைவாக இல்லை, மிகுதியாகவே இருந்தது என்று 1960-இல் தெரியவந்தது. சாவிக்குப் பஞ்சமில்லை, பூட்டுதான் துருப்பிடித்திருந்தது. யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்குள் இறந்துவிட்டார்.

துருவை நீக்குவது எப்படி? 1988-இல் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத ஆண்களை நிலையான மிதிவண்டியில் ஒரு மணி நேரம் மிதிக்கச் செய்தார்கள். 48 மணி நேரத்திற்குப் பிறகும் இன்சுலின் அவர்கள் உடலில் முன்னைவிட நன்றாக வேலை செய்தது.

காரணம் தசைச் செல்லுக்குள் இருக்கிறது. சர்க்கரையை உள்ளே கடத்தும் 'குளுட்-4' என்னும் புரதம் சிறு பைகளில் உள்ளே ஒதுங்கிக் கிடக்கிறது. இன்சுலின் ஆணையிட்டால் அது செல்லின் மேற்பரப்புக்கு வரும். தசை சுருங்கினாலும் வரும். அதற்கு வழி வேறு. இன்சுலின் வழி மங்கியவர்களிடமும் இந்த இரண்டாவது வழி பெரும்பாலும் கெடுவதில்லை. நடை முடிந்த பின் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரை முதல் வழியும் கூர்மை பெறுகிறது. பிறகு மங்கிவிடும். வாரத்திற்கு ஒருநாள் நெடுந்தூரம் நடந்து கணக்கைத் தீர்த்துவிட முடியாதது இதனால்தான்.

நம் ஊர்ச் சான்றும் உண்டு. நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரைச் சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி, நாள்தோறும் அரை மணியாவது விரைந்து நடக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது.