டொராண்டோவின் பேட்டைகளும் பழைய நில அளவையும்

டொராண்டோவின் பேட்டைகளை அங்கே குடியேறியவர்களின் பெயரால் வகைப்படுத்துவது வரலாற்று நூல்களில் வழக்கமாகிவிட்டது: யூதர் வாழ்ந்த பகுதி, சீனர் பகுதி, போர்ச்சுகீசியர் பகுதி. தகவல் சரிதான், விளக்கம் போதாது. யார் எங்கே குடியேற முடியும் என்பதை அவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே மனையின் அளவு பெரும்பாலும் தீர்மானித்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மனைகளுக்கு வழிவகுத்த நில அளவையின் அடித்தளமே ஐயத்துக்குரியது. 1787இல் மிசிசாகா மக்களிடம் நிலம் வாங்கியதற்கு ஆங்கிலேயர் காட்டிய பத்திரத்தில் நிலத்தின் விவரமே எழுதப்படவில்லை. 1805இல் பத்து ஷில்லிங் கொடுத்து அதைச் சரிசெய்ய முயன்றார்கள். இந்த நிலப் பிணக்கு தீர்ந்ததோ 2010இல், 14.5 கோடி டாலர் இழப்பீட்டில். இடையில் நகரம் எழுந்து நின்றுவிட்டது.

1793இல் துணைநிலை ஆளுநர் சிம்கோ நிறுவிய யார்க் (பின்னாளைய டொராண்டோ), ஏரிக்கரையில் பத்துத் தெருக்கட்டங்கள் கொண்ட சிற்றூர். பின்னாளைய பேட்டைகளின் கரு அதற்குள் இல்லை. இன்றைய குயின் தெருவுக்கும் புளோர் தெருவுக்கும் இடையே அதிகாரிகளுக்கும் வேண்டியவர்களுக்கும் வழங்கப்பட்ட, ‘பார்க் லாட்’ எனப்பட்ட நூறு ஏக்கர் துண்டுகளில் அது இருந்தது. அகலம் 660 அடி. நீளம் ஒன்றேகால் மைல். புதிய தலைநகரின் சேற்றுக்கும் காட்டுக்கும் வந்து குடியிருக்க அவர்களுக்குத் தரப்பட்ட கையூட்டு என்றும் இதைச் சொல்லலாம். ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தோன்றிய காலத்தில், தோன்றிய முறையில் தன் துண்டை மனைகளாக்கியது. பக்கத்து நிலத்தின் தெரு எங்கே வந்து முட்டுகிறது என்று பலர் பார்க்கவில்லை. நகரின் நடுவே டன்டாஸ் தெரு நெளிந்து செல்வது இதனால்தான்: அது வெவ்வேறு காலத்துச் சிறு தெருக்களைப் பின்னர் ஒட்டிச் சேர்த்த தெரு.

யார் குடியேறலாம் என்பதை மனையின் அளவே தீர்மானித்தது என்பதற்குக் கென்சிங்டன் சந்தை சிறந்த சான்று. 1815இல் டெனிசன் என்பவர் வாங்கிய பண்ணை நிலத்தை அவர் வாரிசுகள் 1850களிலிருந்து குறுகிய மனைகளாக விற்றார்கள். முதலில் அங்கே வாழ்ந்தவர்கள் பிரித்தானிய, ஐரிஷ் உழைப்பாளிகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த யூதர்கள் வீட்டு முகப்பையே கடையாக்கினார்கள். பின்னர் போர்ச்சுகீசியரும் கரீபியரும் வந்தார்கள். ஆட்கள் மாறினார்கள், சிறு முதலோடு வருபவருக்கு எட்டக்கூடிய மனை மாறவில்லை. கிழக்கே சில அடி தள்ளி, பால்ட்வின் என்பவர் தன் நிலத்தில் வகுத்த ஸ்பாடைனா சாலை 132 அடி அகலம். பிற்காலத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் நிமிர்ந்தது அந்த அகலத்தின் மீதுதான்.

‘வார்டு’ என்ற சேரிப்பகுதியை எதிர்ச்சான்றாகக் காட்டுவோர் உண்டு. அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த கறுப்பினத்தவர், ஐரிஷ்காரர், யூதர், இத்தாலியர், சீனர் என அடுத்தடுத்து வாழ்ந்த அந்தப் பகுதியில் மனைகள் மிகச் சிறியவை. ஆயினும் அது பிழைக்கவில்லை. 1911இல் மருத்துவ அதிகாரி ஹேஸ்டிங்ஸ் அதன் சுகாதாரக் கேட்டை அறிக்கையாக வெளியிட்டார். 1965இல் அதன் ஒரு பகுதியில் புதிய நகர மண்டபம் திறக்கப்பட்டது. மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே பெரிய கட்டடம் எழ, நகராட்சியோ மருத்துவமனையோ எத்தனையோ மனைகளை மொத்தமாகத் திரட்ட வேண்டியிருந்தது. மாறாக, போல்டன் குடும்பம் தன் கிரேஞ்ச் மாளிகையைச் சுற்றிய நிலத்தைத் துண்டாக்காமல் வைத்திருந்ததால், அது கலைக்கூடத்துக்கும் பூங்காவுக்கும் எளிதாகக் கைமாறியது.