பணிமூப்புப் பட்டியலில் இல்லாதவர்கள்

விமானிகள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தால் நம் ஆட்களே சிரிக்கிறார்கள். "லட்சக்கணக்கில் வாங்குறவனுக்கு எதுக்குச் சங்கம்?" என்கிறார்கள். பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனாலும் அமெரிக்க விமானிகள் சங்கத்தின் வரலாற்றை நாம் ஒருமுறையாவது படித்துவிட வேண்டும். ஒரு சங்கம் முதலாளியிடம் எப்படி வெல்கிறது, வென்றதை யாருக்குத் தராமல் வைத்துக்கொள்கிறது என்ற இரண்டு பாடங்களும் அதற்குள் இருக்கின்றன.

1920களில் அமெரிக்க விமானி பெரும்பாலும் தபால் சுமந்தார். மழையிலும் பனிமூட்டத்திலும் பறந்தார். பலர் விழுந்து செத்தார்கள். விமானங்கள் வேகம் பெறப் பெற ஒரு தகராறு எழுந்தது. மைல் கணக்கில் கூலி கொடுத்தால் வேகம் கூடும்போது விமானியின் வருமானமும் கூடும். மணிக்கணக்கில் மட்டும் கொடுத்தால் கூடுதல் வேகத்தின் லாபம் முழுவதும் முதலாளிக்குப் போகும். முதலாளிகள் மணிக்கணக்கை விரும்பினார்கள். புதிய இயந்திரத்தால் வரும் லாபம் யாருக்கு என்கிற, எல்லாத் தொழிலாளியும் கேட்கிற அதே கேள்விதான் இது.

டேவிட் பென்கி என்ற விமானியின் முயற்சியில், வேலை போய்விடும் என்ற பயத்தால் ரகசியமாகவே ஆள் சேர்த்து, 1931இல் விமானிகள் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டே சோதனை வந்தது. செஞ்சுரி ஏர்லைன்ஸ் முதலாளி இ. எல். கார்டு, 1932 பிப்ரவரியில் சம்பளத்தை வெட்டி, ஒப்புக்கொள்ளாத விமானிகளை வெளியே தள்ளினார். பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. வேலையில்லாமல் அலைந்தவர்கள் ஏராளம், ஆள் கிடைக்காதா என்பது அவர் கணக்கு. விமானிகளோ விஷயத்தை நாடாளுமன்றம் வரை கொண்டுபோனார்கள். ஃபியொரெல்லோ லா கார்டியா அவர்களுக்காகக் குரல் கொடுத்தார். 1934இல் தேசியத் தொழிலாளர் வாரியம் 'தீர்ப்பு 83' என்று அறியப்படும் ஆணையை வழங்கியது. அடிப்படைச் சம்பளம், பறந்த மணிக்கு ஒரு தொகை, பறந்த மைலுக்கு ஒரு தொகை, மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்பவை அதன் சாரம். வேகத்தின் லாபத்தில் உழைத்தவனுக்கும் பங்கு கிடைத்தது. 1936இல் ரயில்வே தொழிலாளர் சட்டம் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. கூட்டுப் பேரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது.

இதுவரை படித்தால் கைதட்டத்தான் தோன்றும். ஆனால் அந்தச் சங்கத்தின் தொடக்கக் கால விதிகளில், உறுப்பினர் வெள்ளை இனத்தவராக இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. முதலாளியின் வாசலில் நின்று நியாயம் கேட்டவர்கள், தங்கள் வாசலில் இன்னொரு பூட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. 1938 பிப்ரவரியில் மன்மாட் நகரில் ஒடுக்கப்பட்ட வகுப்பு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பேசியது இதைத்தான். பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு எதிரிகள் நமக்கு உண்டு என்றார். தீண்டத்தகாதவர் ரயில்வேயில் கேங்மேனாகவே காலம் தள்ள வேண்டியிருப்பதையும், ஆலைகளில் கூலி அதிகமான நெசவுப் பிரிவில் நுழைய முடியாமல் இருப்பதையும் எடுத்துக்காட்டினார். அந்தப் பிரிவில் அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும் என்பதால், சாதி இந்துத் தொழிலாளிகளே நம்மவரைச் சேர்க்க மறுத்தார்கள். அங்கே கதவைச் சாத்தியது முதலாளி மட்டுமல்ல, பக்கத்துத் தறியில் நின்றவரும்தான்.

அமெரிக்கக் கதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் டஸ்கீகீ பயிற்சித் தளத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கறுப்பின விமானிகள் உருவானார்கள். போர் முடிந்ததும் விமான நிறுவனங்கள் படையிலிருந்து வந்த வெள்ளையர்களை வாரி எடுத்துக்கொண்டன. இவர்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. சக விமானிகள் ஒப்புக்கொள்வார்களா, வெளியூரில் தங்க ஓட்டல் அறை கிடைக்குமா என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டது. பிறர் மனத்தில் இருக்கும் தீண்டாமைக்கு, பாதிக்கப்பட்டவரே விலை கொடுக்க வேண்டுமாம்.

மார்லன் கிரீன் விமானப் படையில் கேப்டனாக இருந்தவர். 1957இல் கான்டினென்டல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது இனத்தைக் கேட்கும் கட்டத்தை நிரப்பாமல் விட்டார், புகைப்படமும் ஒட்டவில்லை. தகுதி மட்டும் பேசியது. தேர்வுக்கு அழைப்பு வந்தது. நேரில் பார்த்த பிறகு வேலை வரவில்லை. அவரைவிடக் குறைந்த அனுபவம் உள்ள வெள்ளையர்கள் எடுக்கப்பட்டார்கள். கொலராடோ மாநிலத்தின் பாகுபாடு எதிர்ப்பு ஆணையத்திடம் முறையிட்டார். ஆணையம் அவர் பக்கம் நின்றது. ஆனால் ஒரு மாநிலத்தின் சட்டம் பல மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் தலையிட முடியாது என்று நிறுவனம் வாதிட, மாநில நீதிமன்றங்கள் அதை ஏற்றன. 1963 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளியது. அதன் பிறகும் கிரீன் அந்த நிறுவனத்தில் பணியேற்றது 1965இல்தான். 'தகுதி, திறமை' என்று நம்மிடம் பாடம் எடுப்பவர்கள் இந்த எட்டு ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

எட்டு ஆண்டு என்பது விமானிக்குச் சாதாரணக் கணக்கல்ல. அந்தத் தொழிலில் எல்லாவற்றையும் முடிவு செய்வது பணிமூப்பு எண். எப்போது கேப்டன் ஆவது, எந்த விமானம், எந்தத் தடம், எந்த நாள் விடுப்பு என எல்லாம் சேர்ந்த தேதியைப் பொறுத்தது. ஆட்குறைப்பு வந்தால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே போக வேண்டும். நிர்வாகத்தின் வேண்டியவர், வேண்டாதவர் விளையாட்டைத் தடுக்கச் சங்கங்கள் போராடிப் பெற்ற நல்ல விதி இது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கதவைச் சாத்திவிட்டு, திறந்த மறுநாள் 'எல்லாருக்கும் ஒரே வரிசை' என்றால், தாமதமாக உள்ளே விடப்பட்டவர் எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்பார். யாரும் அவரை வெறுக்க வேண்டியதே இல்லை. பழைய அநீதியை விதியே நடத்திக்கொண்டிருக்கும்.

1983இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிர்வாகம் புதிய தந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே இருப்பவர் சம்பளத்தில் கை வைக்காது. இனி சேர்பவருக்கு மட்டும் மிகக் குறைந்த தனி அட்டவணை, அதன் பெயர் 'பி' அளவுகோல். ஒப்புக்கொள்வது எளிது, ஏனென்றால் நஷ்டப்படப் போகிறவர் வாக்கெடுப்பு நடக்கும் அறையில் இல்லை. இன்னும் சங்கத்துக்கு வராதவரை விற்று, இருப்பவர் தப்பித்துக்கொள்ளும் பேரம் அது.

1985இல் யுனைடெட் ஏர்லைன்ஸும் அதையே கேட்டபோது விமானிகள் மறுத்தார்கள். மே 17இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 29 நாள் நடந்தது. நாளை வரப்போகிறவனின் கூலிக்காக இன்றைக்கு இருப்பவன் தன் சம்பளத்தை இழந்தான். இதைவிடப் பெரிய செய்தி, அப்போதுதான் பயிற்சி முடித்திருந்த ஏறத்தாழ 570 புதியவர்கள். சங்கத்தால் அதுவரை எதுவும் பெறாத அவர்களை நிர்வாகம் வேலைக்கு வரச் சொன்னது. மிகச் சிலரைத் தவிர யாரும் மறியல் கோட்டைத் தாண்டவில்லை. வேலைநிறுத்தம் முடிந்த பிறகு நிர்வாகம் அவர்களை ஏற்க மறுத்தது. நீதிமன்றம் வரை போய்த்தான் அவர்கள் வேலையை மீட்டார்கள். 'பி' அளவுகோல் முழுதாக ஒழியவில்லை, சில ஆண்டுகளுக்கு என்று வரம்புக்குள் கட்டப்பட்டது. முழு வெற்றி என்று நாம் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் வெளியே நிற்பவருக்காக உள்ளே இருப்பவர் நின்றால், வெளியே நிற்பவரும் உள்ளே இருப்பவரோடு நிற்பார் என்பது அங்கே மெய்யானது.

நம் ஊரில் 'பி' அளவுகோலுக்கு வேறு பெயர், ஒப்பந்தம். ஒரே தெரு, ஒரே துடைப்பம், ஒரே குப்பை. நிரந்தரப் பணியாளருக்கு ஒரு சம்பளம், ஒப்பந்தப் பணியாளருக்கு வேறு சம்பளம். அந்தத் துடைப்பத்தைப் பிடித்திருப்பவர்கள் பெரும்பாலும் யார் என்று நமக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் கட்டடத்தின் முன் இரவும் பகலும் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்தபோது கேட்டதும் இதைத்தான். அவர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். நிரந்தர வேலையில் இருக்கும் எத்தனை பேரின் சங்கங்கள் அவர்களுக்காக ஒருநாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்தன?

ஆகவே சங்கம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சங்கம் இல்லாத இடத்தில் முதலாளி வைத்ததே சட்டம். ஆனால் ஒப்பந்தம் பேசப் போகிற ஒவ்வொரு சங்கத்திடமும் நாம் கேட்டாக வேண்டும்: உங்கள் பட்டியலில் யார் பெயர் இல்லை? அந்தப் பெயர் ஏன் இல்லை? அவர்களுக்காக நீங்கள் எதை இழக்கத் தயார்?

ஜெய்பீம்.