மஞ்சள் காமாலை மனு

முப்பத்திரண்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். அதில் எத்தனை கட்சிக்காரர்களுக்கு மஞ்சள் காமாலை வரவழைத்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. வாய்தாவை டைரியில் தப்பாகக் குறித்தவன் நான். கேஸைக் கூப்பிட்டபோது கோர்ட்டில் இல்லாதவர் வக்கீல். எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆனதோ கட்சிக்காரர் மேல். டிக்ரியை ரத்து செய்யக் கேட்கும் முப்பது நாள் கெடுவும் போயிருக்கும். அப்புறம் என்ன, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, கூடவே அஃபிடவிட்: மனுதாரருக்குக் காமாலை கண்டு, நாட்டு வைத்தியம் பார்த்து, படுத்த படுக்கையாய்க் கிடந்தபடியால்...

ஒரு தடவை ஒரு விவசாயி, கைநாட்டு வைக்குமுன் வாசித்துக் காட்டச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்கு எப்பங்க காமாலை வந்துச்சு?" என்றார். நான் மை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் வக்கீல் மேலேயே நஷ்டஈட்டு வழக்குப் போட்டிருக்கலாம். ஒரு காலத்தில் பாரிஸ்டர் மேல் அப்படிப் போட வழியில்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கப்படி பாரிஸ்டர் வாங்கியது கூலியல்ல, காணிக்கை. பாக்கிக்குப் பாரிஸ்டர் வழக்காட முடியாமலிருந்தது. அவர் கோட்டைவிட்டால் கட்சிக்காரரும் வழக்காட முடியாமலிருந்தது. கவுனின் தோளில் பின்னால் தொங்கும் துணி, அவர் பார்க்காமல் காசு போடத்தான் என்று சீனியர்கள் கதை சொல்வார்கள். நான் நம்பியதில்லை. ஃபீஸைப் பார்க்காமல் வாங்கிய வக்கீலை நான் கண்டதே கிடையாது.

1926-ல் வக்கீல் ஃபீஸுக்கென்றே ஒரு குட்டிச் சட்டம் வந்தது. நாலாவது பிரிவு, ஃபீஸ் பாக்கிக்கு வழக்குப் போட வக்கீலுக்கு உரிமை தந்தது. ஐந்தாவது, வக்கீல் என்ற ஒரே காரணத்துக்காகக் கவனக்குறைவுக்குப் பொறுப்பில்லை என்று ஒதுங்க முடியாது என்றது. இங்கிலாந்தில் கோர்ட்டில் வாதாடுவதில் பாரிஸ்டருக்கு இருந்த பாதுகாப்பைப் பிரபுக்கள் சபை விலக்கியது 2000-ல்தான்.

ஆனால் ஒரு வக்கீல் மேல் கேஸ் போட இன்னொரு வக்கீல் வேண்டும். பழைய கேஸ் ஒழுங்காக நடந்திருந்தால் ஜெயித்திருக்கும் என்று வேறு நிரூபிக்க வேண்டும். கர்நாடகத்தில் ஒருவர் துணிந்து போட்டார். கேஸ் முடியுமுன் செத்துப்போனார். வாரிசுகள் அதைத் தொடரலாமா என்ற கேள்வியே சுப்ரீம் கோர்ட் வரை போய் 1988-ல்தான் தீர்ப்பானது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று தேசிய ஆணையம் 2007-ல் திறந்த வாசலை, 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சாத்திவிட்டது. பழைய சிவில் வழக்குத்தான் மிச்சம்.

அந்த விவசாயியின் மனு, எதிர்தரப்புக்கு 500 ரூபாய் செலவுத்தொகை கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதிக்கப்பட்டது. இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்து எண்ணி அவர்தான் கொடுத்தார். நான் ரசீது வாங்கிக் கட்டில் சேர்த்தேன்.