இருபது ஆண்டுத் தவணையில் ஒரு கூலி

முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் மாதம் 30 டாலர். அதே காலத்தில் உள்நாட்டில் கப்பல் கட்டும் தளங்களில் வேலை பார்த்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு சம்பாதித்தார்கள். இந்த இடைவெளியை ஈடுகட்ட 1924இல் ஒரு சட்டம் வந்தது. உள்நாட்டுப் பணிக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர், கடல் கடந்த பணிக்கு ஒன்றேகால் டாலர் என்று கணக்கு. அதிபர் கூலிட்ஜ் கையெழுத்திட மறுத்தார். நாடாளுமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. ஆனால் 50 டாலருக்குள் வந்த தொகைகள்தான் உடனே ரொக்கமாகக் கிடைத்தன. மற்றவர்களுக்கு 1945இல் முதிரும் சான்றிதழை நீட்டினார்கள். பிறகு நடந்த ரகளைக்கெல்லாம் சிப்பாய்களின் பேராசையைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில், வித்து இந்த ஒத்திவைப்பில்தான் இருக்கிறது. அந்த ஆண்டின் பட்ஜெட்டைக் காப்பாற்ற, கடனை இன்னோர் அதிபரின் தலையில் கட்டிவிட்டார்கள்.

அதற்குள் பெருமந்தம் வந்துவிட்டது. 1931இல் சான்றிதழ் மதிப்பில் பாதிவரை கடன் வாங்கலாம் என்று சலுகை தந்தார்கள், அதுவும் வட்டிக்கு. தனக்கு வரவேண்டிய கூலியை வாங்கத் தானே வட்டி கட்டுவது எந்த ஊர் நியாயமோ! 1932 கோடையில் முழுத்தொகையையும் உடனே கேட்டு சுமார் 20 ஆயிரம் முன்னாள் வீரர்கள் வாஷிங்டனில் திரண்டார்கள். பலர் குடும்பத்தோடு அனகோஸ்டியா ஆற்றங்கரையில் குடிசை போட்டுத் தங்கினார்கள். டெக்சஸ் உறுப்பினர் ரைட் பேட்மனின் மசோதா ஜூன் 15 அன்று பிரதிநிதிகள் சபையில் தேறியது. இரண்டே நாளில் செனட்டில் 62க்கு 18 என்று தோற்றது. ஜூலை 28 அன்று காவலர்கள் சுட்டதில் வீரர்கள் இருவர் உயிர் போனது. அன்றே ஜெனரல் மெக்கார்தர் டாங்கிகளோடும் கண்ணீர்ப்புகையோடும் வந்து முகாமைக் காலிசெய்தார்.

அதிபர் ஹூவரின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மசோதாவின் செலவு சுமார் 240 கோடி டாலர். மத்திய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய பாதி. வரி வருமானமோ சரிந்துகொண்டிருந்தது. பழைய சூடும் இருந்தது: உள்நாட்டுப் போர் வீரர்களின் ஓய்வூதியம் 1890களின் தொடக்கத்தில் மத்திய அரசின் செலவில் ஐந்தில் இரண்டு பங்குவரை விழுங்கியிருந்தது. இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் இன்னொன்று. சான்றிதழின் முகமதிப்பில் 1945 வரைக்குமான வட்டி அடக்கம். அதை 1932லேயே முழுசாகக் கேட்டால், இன்னும் சேராத வட்டியையும் கேட்பதாகாதா? ஆகும்தான். பேட்மன் தரப்பின் பதில், கணக்கை எங்கே தொடங்குவது என்பதில் இருந்தது. வேலை முடிந்தது 1918இல். சட்டமோ வட்டியை 1925லிருந்து எண்ணுகிறது. நியாயமான வட்டியை 1918லிருந்தே போட்டிருந்தால் தொகை 1931லேயே முகமதிப்பை எட்டியிருக்கும் என்றார்கள். எந்த விகிதம் நியாயம் என்று சண்டை போடலாம். இடையில் விட்டுப்போன ஆண்டுகளுக்கு வட்டியே கிடையாது என்பதற்கு ஹூவர் தரப்பிடம் நல்ல பதில் இல்லை. அதே 1932 ஜனவரியில் வங்கிகளையும் ரயில்வேக்களையும் தூக்கிநிறுத்த 50 கோடி டாலர் முதலீட்டில் ஒரு நிதிக் கழகம் தொடங்கியிருந்தார்கள். அது திரும்பி வரக்கூடிய கடன் என்பது உண்மை. ஆனால் பணமே இல்லை என்ற பேச்சு அதற்குப் பிறகு எடுபடுமா?

அடுத்த அதிபராக ரூஸ்வெல்ட் வந்தும் கணக்கு மாறவில்லை. முன்னாள் வீரர்களுக்கான செலவு அப்போது மத்திய பட்ஜெட்டில் கிட்டத்தட்ட கால் பங்கு. 1933 மார்ச்சில் அவர் கொண்டுவந்த சிக்கனச் சட்டம் அதில் பெரும் வெட்டு போட்டது. சீருடை அணிந்ததற்காக ஒருவருக்குத் தனிச்சலுகை கூடாது என்பது அவர் கொள்கை. சலுகை என்றால் சரி. ஆனால் சான்றிதழ், அரசே எழுதிக்கொடுத்த கடன். கடைசியில் 1936 ஜனவரியில் அவருடைய மறுப்பையும் மீறி நாடாளுமன்றம் முழுத்தொகைக்கும் வழி செய்தது. ஜூனில் 50 டாலர் பத்திரங்களாக வீரர்கள் கைக்கு வந்தது. கஜானா திவாலாகவில்லை. பெரும்பாலோர் சீக்கிரமே பத்திரங்களைப் பணமாக்கிச் செலவழித்தார்கள். 1936இல் பொருளாதாரம் வேகமாக வளர்ந்ததில் இந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, இரண்டாம் உலகப் போர் முடியும்வரைகூட அமெரிக்க அரசு காத்திருக்கவில்லை. 1944 ஜூன் 22 அன்று, நார்மண்டியில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, திரும்பி வருபவர்களுக்குப் படிப்புச் செலவு, வீட்டுக்கடன் உத்தரவாதம், வேலை கிடைக்காவிட்டால் வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம் உதவி என்று சட்டம் போட்டார்கள். கையெழுத்திட்டவர் அதே ரூஸ்வெல்ட்தான். தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்கு அந்தக் கடன்கள் எட்டாமல் போன கதை அடுத்த இதழில்.